வீடு வாங்கும் முன் பரிசோதனை: முதல் கையெழுத்திலிருந்து சாவி வாங்கும் நாள் வரை

நான் முதன்முதலில் வாங்கிய வீட்டில் ஒரு படுக்கையறைச் சுவர் மட்டும் புதுப் பெயின்ட் அடித்துப் பளிச்சென்று இருந்தது. மற்ற மூன்று சுவர்களிலும் பழைய பெயின்ட். பார்த்தேன், நன்றாக இருக்கிறதே என்று மட்டும் நினைத்தேன். குடிபோன நான்காவது மாதம் அந்தச் சுவரில் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. பிறகு உதிர்ந்தது. உள்ளே இருந்த பூச்சு, கை பட்டாலே மாவாகக் கொட்டியது. சுவருக்குப் பின்னால் குளியலறை. அங்கே குழாய் இணைப்பு ஒன்று எத்தனையோ வருடமாகக் கசிந்துகொண்டிருந்தது. டைல்ஸைப் பெயர்த்து, குழாயை மாற்றி, சுவரை மறுபடி பூசி முடிப்பதற்குள் சொந்த வீடு வாங்கிய மகிழ்ச்சியில் பாதி போய்விட்டது.

ஓர் அறையில் ஒரே ஒரு சுவருக்கு மட்டும் ஏன் பெயின்ட் அடித்திருக்கிறார்கள் என்று அன்று என் பக்கத்தில் நின்று யாராவது கேட்டிருந்தால் போதும். வீட்டுப் பரிசோதனை அதற்குத்தான். அதன் பிறகு நண்பர்களும் உறவினர்களும் வீடு வாங்கும்போதெல்லாம் பரிசோதகரோடு நானும் கூடப் போய் நின்றிருக்கிறேன். அப்படிப் பார்த்துப் பார்த்துக் கற்றதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கடன் தரும் வங்கி ஓர் ஆளை அனுப்பி வீட்டைப் பார்க்கச் சொல்லும். அவர் வருவது, கொடுக்கப்போகும் கடனுக்கு வீடு ஈடாகுமா என்று மதிப்புப் போட. வழக்கறிஞர் பார்ப்பது பத்திரத்தையும் உரிமையையும். அரசு அலுவலகம் பார்ப்பது கட்டடம் அனுமதித்த வரைபடப்படி இருக்கிறதா என்று. இவர்களில் ஒருவர்கூடக் குளியலறைக் குழாயைத் திறந்து பார்க்கப் போவதில்லை. "வங்கியே பார்த்து ஒப்புக்கொண்டது, அப்புறம் என்ன?" என்று பலர் நிம்மதியாக இருந்துவிடுவது இந்த வேறுபாடு தெரியாததால்தான்.

பரிசோதகர், இந்த விற்பனையில் தனக்கு லாபமோ நஷ்டமோ இல்லாத, கட்டடம் தெரிந்த ஒருவர். வீட்டை மேலிருந்து கீழ்வரை பார்த்து, கண்ணுக்குத் தெரிகிற குறைகளை எழுத்தில் தருவார். சுவரை உடைக்க மாட்டார், தரையைத் தோண்ட மாட்டார், பூட்டிய அறையைத் திறக்க மாட்டார். அது இன்னும் விற்பவரின் வீடு. நடுத்தர அளவு வீட்டுக்கு இரண்டு முதல் நான்கு மணி நேரம் ஆகும். வீடு தேர்ச்சியா தோல்வியா என்று அவர் சொல்லப் போவதில்லை. எதை வாங்குகிறீர்கள் என்று சொல்வார். வாங்குவதா என்ற முடிவு உங்களுடையது.

படி 1: ஒப்பந்தத்தில் ஒரு வரி

பலர் தவறுவது வரிசையில்தான். முன்பணம் கொடுத்து, கையெழுத்துப் போட்டு, கடனுக்கும் விண்ணப்பித்த பிறகு பரிசோதகரைத் தேடுகிறார்கள். அப்போது அவர் பெரிய குறை ஒன்றைக் கண்டுபிடித்தாலும் பின்வாங்க வழி இருக்காது, முன்பணம் போய்விடும்.

அதனால் ஒப்பந்தம் எழுதும்போதே ஒரு நிபந்தனையைச் சேர்க்கச் சொல்லுங்கள். வாங்குபவர் தன் செலவில் வீட்டைப் பரிசோதிக்கலாம். குறிப்பிட்ட நாட்களுக்குள் குறைகளை எழுத்தில் தெரிவிக்கலாம். உடன்பாடு ஏற்படாவிட்டால் முன்பணத்தை முழுதாகத் திரும்பப் பெற்று விலகலாம். இந்த மூன்றும் அதில் இருக்க வேண்டும். வாய்ப்பேச்சில் விடாதீர்கள். சட்டச் சொற்கள் இடத்துக்கு இடம் மாறும் என்பதால் அந்த வரியை உங்கள் வழக்கறிஞரே எழுதட்டும். பத்து நாள் முதல் இரண்டு வாரம் வரை கேளுங்கள். பரிசோதகர் நேரம் ஒதுக்கச் சில நாள், அறிக்கை வர ஓரிரு நாள், ஏதாவது சந்தேகம் வந்தால் அந்தத் துறை ஆளைக் கூட்டிவந்து காட்ட இன்னும் சில நாள் என்று அது சரியாகப் போய்விடும்.

வீட்டுக்குப் பலர் போட்டியிடும்போது விற்பவர் இந்த நிபந்தனைக்குச் சம்மதிக்காமல் போகலாம். அப்போது விலை சொல்வதற்கு முன்பே ஒரு மணி நேரமாவது பரிசோதகரோடு வீட்டைச் சுற்றி வாருங்கள். முழு அறிக்கை கிடைக்காது. ஆனால் பெரிய ஆபத்துகள் அந்த ஒரு மணி நேரத்திலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும். பரிசோதகர் வீட்டுக்குள் காலே வைக்கக்கூடாது என்று சொல்லும் விற்பவரிடம் வாங்காதீர்கள் என்பது என் கருத்து. எவ்வளவு பிடித்த வீடாக இருந்தாலும்.

படி 2: ஆளைத் தேர்ந்தெடுப்பது

சில நாடுகளில் இது உரிமம் பெற்றுச் செய்யும் தனித் தொழில். பிரிட்டனில் சர்வேயர்கள் (நிலம் அளப்பவர்கள் அல்ல, கட்டடத்தை ஆய்வு செய்பவர்கள்) செய்கிறார்கள். அங்கே மூன்று நிலைகள் உண்டு: புது மாதிரியான, நல்ல நிலையில் உள்ள வீட்டுக்கு மேலோட்டமானது, சாதாரண வீட்டுக்கு நடுத்தரமானது, பழைய அல்லது மாற்றிக் கட்டிய வீட்டுக்கு முழு ஆய்வு. ஸ்காட்லாந்தில் 2008 முதல், பெரும்பாலான வீடுகளுக்கு விற்பவரே ஆய்வறிக்கையைத் தயாரித்து வாங்க வருபவருக்குக் காட்ட வேண்டும். இப்படித் தனித் தொழிலாக இல்லாத இடங்களில் அனுபவமுள்ள சிவில் இன்ஜினீயர் ஒருவரைப் பிடிக்க வேண்டியிருக்கும்.

எந்த ஊராக இருந்தாலும் நான் முதலில் பார்ப்பது, இவருக்குக் கூலி யாரிடமிருந்து வருகிறது என்பதை. தரகர் சொல்லி அனுப்பும் ஆள் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவருடைய அடுத்த வேலையும் அதே தரகரிடமிருந்துதான் வர வேண்டும். விற்பனையைக் கெடுக்கும் குறையை அழுத்தி எழுத அவருக்குக் கை வராமல் போகலாம். அதேபோல, குறையைக் கண்டுபிடித்துவிட்டு "நானே சரிசெய்து தருகிறேன்" என்று சொல்பவரும் வேண்டாம். குறை பெரிதாக இருந்தால் அவருக்கு லாபம்.

போனில் பேசும்போது சில கேள்விகளைக் கேளுங்கள். இதே வயது, இதே மாதிரி வீடுகள் எத்தனை பார்த்திருக்கிறீர்கள்? கூரை மேல் ஏறுவீர்களா, கீழிருந்தே பார்ப்பீர்களா? எவ்வளவு நேரம் ஆகும்? நான் கூட வரலாமா? உங்கள் தவறால் எனக்கு நஷ்டம் வந்தால் அதற்குக் காப்பீடு உண்டா? கூட வர வேண்டாம் என்று சொல்பவரை அப்போதே விட்டுவிடுங்கள்.

எல்லாவற்றையும்விட நல்ல சோதனை, பழைய அறிக்கை ஒன்றைப் பெயர் நீக்கி அனுப்பச் சொல்வது. "குளியலறையில் ஈரம் காணப்பட்டது, கவனிக்கவும்" என்று எழுதுபவரால் பயனில்லை. "கீழ்த்தளக் குளியலறையின் வடக்குச் சுவரில் தரையிலிருந்து 40 செ.மீ. உயரம் வரை ஈரம். மறுபக்கம் ஷவர் குழாய் போகிறது. குழாய்க் கசிவாக இருக்க வாய்ப்பு அதிகம். வாங்கும் முன் பிளம்பரை வைத்து அழுத்தச் சோதனை செய்யவும்" என்று எழுதி, பக்கத்திலேயே படமும் வைப்பவர்தான் வேண்டும். எங்கே, எவ்வளவு, ஏன், அடுத்து என்ன என்ற நான்கும் அதில் வந்துவிடுகின்றன.

தெரிந்த மேஸ்திரியையோ பிளம்பரையோ கூட்டிப்போய்க் காட்டலாமா? காட்டலாம். முப்பது வருடம் வேலை பார்த்தவர் கண்ணுக்கு நமக்குத் தெரியாதது தெரியும். ஆனால் விற்பவரிடம் விலை பேசும்போது கையில் ஒரு எழுத்து வேண்டும். அதற்குப் பரிசோதகரும் தேவை.

படி 3: முந்தின நாள் செய்ய வேண்டியவை

விற்பவரிடம் நான்கு விஷயங்களை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். தண்ணீர், மின்சாரம், கேஸ் இணைப்புகள் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பூட்டிய அறைகள், மொட்டைமாடிக் கதவு, தண்ணீர்த் தொட்டி மூடி, மின்பெட்டி எல்லாவற்றுக்கும் சாவி வேண்டும். சுவரை ஒட்டியிருக்கும் பெரிய அலமாரிகளை ஓரடி நகர்த்தி வைக்க வேண்டும். இதுவரை செய்த பழுதுபார்ப்புகளின் ரசீதுகளை எடுத்து வைக்க வேண்டும். மின் இணைப்பு துண்டித்துக் கிடக்கும் காலி வீட்டைப் பரிசோதித்தால் அறிக்கையில் பாதி "சோதிக்க முடியவில்லை" என்றுதான் வரும்.

முடிந்தால் மழை பெய்த மறுநாள் நேரம் வாங்குங்கள். வெயில் காலத்தில் காய்ந்து மறைந்திருக்கும் கசிவு, மழை பெய்த மறுநாள் தானாகவே வெளியே தெரியும்.

படி 4: பரிசோதனை நாளில் கூடவே நில்லுங்கள்

அறிக்கை வரும், அதைப் படித்துக்கொள்ளலாம் என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். ஒரு குறையை எழுதும் பரிசோதகர் எச்சரிக்கையாகவே எழுதுவார். பின்னால் வழக்கு வந்தால் என்ன செய்வது என்று அவரும் யோசிக்க வேண்டியிருக்கிறது. அதே குறையின் முன்னால் நின்று "இது உங்கள் வீடாக இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்று நீங்கள் கேட்டால், "இதை அப்படியே விட்டுவிடுவேன், ஆனால் அங்கே பாருங்கள், அதை இந்த வாரமே சரிசெய்வேன்" என்று பதில் வரும். எழுத்தில் ஒரே மாதிரி தெரிகிற இரண்டு குறைகளுக்கு நடுவே எவ்வளவு தூரம் என்பது அங்கே நின்றால்தான் புரியும்.

டார்ச், ஒரு நாணயம், அளவு டேப், குறிப்பேடு. இவை போதும். அவரை அவர் வேலையைச் செய்ய விடுங்கள், அறைக்கு அறை பின்னாலேயே போங்கள், கேள்விகளை அறை முடிந்ததும் கேளுங்கள்.

*வெளியிலிருந்து தொடங்குங்கள்.* மழைத் தண்ணீர் எங்கே போகும் என்று பாருங்கள். வீட்டைச் சுற்றியுள்ள மண் சுவரிலிருந்து வெளிப்பக்கம் சரிய வேண்டும். முதல் 3 மீட்டர் தூரத்தில் சுமார் 15 செ.மீ. இறக்கம் இருந்தால் நல்லது. மண் சுவரை நோக்கிச் சரிந்திருந்தால், ஒவ்வொரு மழையும் அஸ்திவாரத்துக்குப் போகிறது என்று பொருள். தெருவைவிட வீட்டுத் தளம் தாழ்ந்திருக்கிறதா? மழைநீர்க் குழாய் சுவரடியிலேயே கொட்டுகிறதா? பெரிய மரம் சுவரை ஒட்டி நிற்கிறதா? களிமண் நிலத்தில் பெரிய மரத்தின் வேர்கள் மண்ணின் ஈரத்தை உறிஞ்ச, மண் சுருங்கி அஸ்திவாரம் இறங்குவதுண்டு.

*கூரைக்குக் கட்டாயம் ஏறச் சொல்லுங்கள்.* மொட்டைமாடியாக இருந்தால் தண்ணீர் தேங்கிக் காய்ந்த வட்டத் தடங்கள் தெரிகிறதா என்று பாருங்கள். தளத்தின் சரிவு பொதுவாக 80-க்கு 1 முதல் 100-க்கு 1 வரை இருக்கும். அது தவறியிருந்தால் அந்த வட்டங்களே காட்டிக்கொடுத்துவிடும். கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலை, தண்ணீர் இறங்கும் குழாயின் வாய், தொட்டியின் அடி, இந்த மூன்றிலும்தான் கசிவு பெரும்பாலும் தொடங்குகிறது. ஓட்டுக் கூரையாக இருந்தால் விலகிய ஓடு, உடைந்த ஓடு, உள்ளே மரச்சட்டத்தில் கறை, இவற்றைத் தேடுங்கள். கூரையைப் பார்த்த கையோடு கீழே இறங்கி, அதே இடத்துக்கு நேர் கீழே உள்ள அறையின் மேற்கூரையைப் பாருங்கள்.

*விரிசல்கள்.* இதைப் பார்த்துத்தான் எல்லோரும் அதிகம் பயப்படுகிறார்கள். தேவையில்லாமல் பயப்படுபவர்களும் உண்டு, பயப்பட வேண்டிய இடத்தில் பட்டி பூசியதை நம்பி விடுபவர்களும் உண்டு. மயிரிழை போல எல்லாத் திசையிலும் வலைபோல் ஓடுவது பெரும்பாலும் பூச்சு காய்ந்ததால் வந்தது. அதைக் கடந்து போங்கள். ஜன்னல், கதவு மூலைகளிலிருந்து சாய்வாகக் கிளம்பி, செங்கல் வரிசையில் படிக்கட்டு போல ஏறும் விரிசல் வேறு வகை. அஸ்திவாரத்தின் ஒரு பகுதி மட்டும் இறங்கியிருக்கலாம். பக்கத்திலேயே கதவு சட்டத்தில் சிக்குகிறதா, தரையில் உருண்டையான பொருளை வைத்தால் ஒரே பக்கம் ஓடுகிறதா என்று பாருங்கள். மூன்றும் சேர்ந்து வந்தால் கட்டமைப்பு இன்ஜினீயரைக் கூப்பிடாமல் முடிவெடுக்காதீர்கள்.

அகலத்துக்கு ஒரு கணக்கு உண்டு. பிரிட்டனின் கட்டட ஆராய்ச்சி நிலையம் வகுத்த அளவுகோலை இன்ஜினீயர்கள் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள். 1 மி.மீ. வரை மிக லேசானது, 5 மி.மீ. வரை லேசானது, 5 முதல் 15 வரை மிதமானது, 15 முதல் 25 வரை கடுமையானது, அதற்கு மேல் மிகக் கடுமையானது. ஆனால் அகலத்தைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது: இந்த விரிசல் இன்னும் வளர்கிறதா? ஏற்கெனவே ஒருமுறை அடைத்த இடம் மறுபடி பிளந்திருந்தால் வளர்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

கான்கிரீட் பில்லரிலும் பீமிலும் கம்பி ஓடும் திசையிலேயே நேர்கோடாக விரிசல் போனால், அல்லது சிலாபின் அடியில் காரை உதிர்ந்து கம்பி தெரிந்தால், உள்ளே இரும்பு துருப்பிடித்திருக்கிறது. துரு, அது தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். அந்த அழுத்தம்தான் கான்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கிறது. மேலே சிமென்ட் பூசி மறைத்தால் நிற்காது, உள்ளே துரு வளர்ந்துகொண்டே இருக்கும். இதைச் சாதாரணக் குறைகளோடு சேர்த்து எண்ணாதீர்கள்.

*ஈரம்.* என் அனுபவத்தில் வீட்டைக் கெடுப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். மேலே சொன்ன துருவும் ஈரத்தின் வேலை, கரையான் வருவதும் ஈரத்தைத் தேடி, மின்கசிவிலும் பல நேரம் அதற்குப் பங்கு உண்டு. அதனால் இங்கே நேரம் செலவிடுங்கள்.

எங்கிருந்து வருகிறது என்பதை ஈரத்தின் வடிவமே சொல்லும். தரையிலிருந்து ஏறி ஒரு மீட்டர் உயரத்துக்குள் நின்றுவிட்டு, மேல் விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் நிலத்திலிருந்து ஏறும் ஓதம். சுவரின் நடுவில் திட்டாக இருந்தால் வெளிப்பூச்சில் பிளவோ உள்ளே குழாயோ. ஜன்னல் மேல் விளிம்பிலிருந்து வழிந்தால் சன்ஷேடு சேரும் இடம். காற்றோட்டமில்லாத மூலையில் கறுப்புப் புள்ளிகளாகப் பூஞ்சை இருந்தால், உள்ளே இருக்கும் ஈரக்காற்று குளிர்ந்த சுவரில் படிவதாக இருக்கலாம். இந்த நான்குக்கும் மருந்து வேறு வேறு. ஓதத்துக்கு வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடிப்பது வீண். ஈரம் பக்கத்துச் சுவருக்கு நகர்ந்துவிடும்.

பரிசோதகர் ஈரமானி வைத்துப் பார்ப்பார். சிலர் வெப்பக் கேமராவும் கொண்டுவருவார்கள். அந்தக் கேமரா காட்டுவது வெப்ப வேறுபாட்டை. தண்ணீரை நேரடியாகக் காட்டாது. நீலத் திட்டு தெரிந்தால் அதே இடத்தில் ஈரமானியையும் வைத்து உறுதிசெய்யச் சொல்லுங்கள். புதுப் பெயின்ட் வாசனை, காரணமில்லாமல் மாட்டிய பெரிய படம், ஒரு மூலையில் மட்டும் விரித்த கம்பளம், இவற்றின் பின்னாலும் அடியிலும் கட்டாயம் பாருங்கள். விற்பவர் ஏமாற்றுகிறார் என்று நினைக்க வேண்டியதில்லை. வீட்டை அழகாகக் காட்ட எல்லோரும் செய்வதுதான். ஆனாலும் பாருங்கள்.

*குழாய்கள்.* மேல்தளத்தில் இரண்டு குழாயையும் ஷவரையும் ஒன்றாகத் திறந்து, கழிவறையில் ஃப்ளஷ் இழுங்கள். தண்ணீரின் வேகம் எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள். கை கழுவும் தொட்டிகளை நிரப்பி ஒரே நேரத்தில் திறந்துவிட்டு, பக்கத்து வடிகாலில் களகளவென்று சத்தமோ நாற்றமோ வருகிறதா என்று கவனியுங்கள். அப்புறம் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த ஒரு மணி நேரம் யாரும் தண்ணீர் தொடக்கூடாது. பிறகு பாருங்கள். முள் நகர்ந்திருந்தால் எங்கோ கசிகிறது. ஒரு பைசா செலவில்லாத இந்தச் சோதனை என் முதல் வீட்டின் கசிவைக் காட்டிக்கொடுத்திருக்கும்.

குளியலறைத் தரையை நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள். டொக் டொக் என்று வெறுமையான சத்தம் வரும் டைல்ஸின் அடியில் கலவை பிடிக்கவில்லை. ஒன்றிரண்டு இருப்பது சகஜம். வடிகாலைச் சுற்றி முழுக்க அப்படி இருந்தால், கீழ்த்தளத்தின் மேற்கூரையில் கறை இருக்கிறதா என்று தேட வேண்டும்.

*மின்சாரம்.* உயிரோடு விளையாடுகிற இடம் என்பதால் கையை வைக்காதீர்கள், கண்ணால் மட்டும் பாருங்கள். மின்பெட்டியில் கருகிய தடமும் பிளாஸ்டிக் உருகிய வாசனையும் இருக்கக்கூடாது. ஒரு பிரேக்கரில் பல ஒயர்கள் திணித்திருப்பதும் ஆபத்து. மின்கசிவு வந்தால் தானாக அணையும் டிரிப்பர் இருக்க வேண்டும். ஆளைக் காப்பாற்றும் வகைக்கு அளவு 30 மில்லி ஆம்பியர், அதாவது அவ்வளவு மின்சாரம் கசிந்தாலே அணைந்துவிட வேண்டும். அதன் சோதனைப் பொத்தானை அமுக்கினால் உடனே விழ வேண்டும். விழாவிட்டால் அதை உடனே மாற்ற வேண்டும். ஒவ்வொரு பிளக்கிலும் எர்த் உண்மையில் இணைந்திருக்கிறதா என்பதைப் பரிசோதகர் சிறு கருவியைச் செருகிப் பார்ப்பார். மூன்று ஓட்டை இருப்பதால் மட்டும் எர்த் இருக்கிறது என்று நம்ப முடியாது. பழைய வீட்டில் அலுமினிய ஒயர் இருந்தால் இணைப்புகள் தளர்ந்து சூடாகும் வாய்ப்பு அதிகம். அதை எலெக்ட்ரீஷியனிடம் தனியாகக் காட்டுங்கள்.

கேஸில் ஓடும் வாட்டர் ஹீட்டர் குளியலறைக்குள் இருந்தால் அதன் புகைக்குழாய் வெளியே போகிறதா, காற்று வர வழி இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

*மரம்.* கதவு நிலையின் அடிப்பகுதி, அலமாரியின் பின்பலகை, படிக்கட்டின் அடி. பென்சில் பருமனில் மண் தடம் ஏறியிருந்தால் கரையான். மரத்தை விரலால் தட்டுங்கள், உள்ளே வெறுமையாக ஒலித்தால் தின்றுவிட்டது. தடம் காய்ந்திருந்தாலும் கரையான் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அடுக்குமாடி வீடும் புது வீடும்

அடுக்குமாடியில் உங்கள் கதவுக்குள் இருப்பதை மட்டும் பார்த்தால் பாதி வேலைதான் முடிந்திருக்கும். மொட்டைமாடி, அடித்தளக் கார் நிறுத்துமிடம், லிஃப்ட், பம்ப் அறை, குழாய்கள் இறங்கும் ஷாஃப்ட் எல்லாவற்றின் செலவிலும் உங்களுக்குப் பங்கு உண்டு. குடியிருப்போர் சங்கத்தின் கடந்த இரண்டு மூன்று வருடக் கூட்டக் குறிப்புகளைக் கேட்டு வாங்குங்கள். எங்கே ஒழுகுகிறது, எதற்குப் பணம் வசூலிக்கப் போகிறார்கள், யார் யாரோடு வழக்கில் இருக்கிறார்கள் என்று எல்லாம் அதில் இருக்கும். பரிசோதகருக்குக் கண்ணில் படாததும் அங்கே எழுதப்பட்டிருக்கும். மேல்வீட்டுக் குளியலறை உங்கள் வீட்டில் எந்த அறைக்கு மேலே வருகிறது என்றும் பாருங்கள்.

புது வீட்டுக்கு எதற்குப் பரிசோதனை என்று கேட்பவர்கள் நிறைய. புது வீட்டை இன்னும் யாரும் வாழ்ந்து பார்க்கவில்லை. ஒரு மழையும் அதன் மேல் விழாமல் இருந்திருக்கலாம். கட்டும்போதே வாங்குகிறீர்கள் என்றால், குழாயும் ஒயரும் போட்டு முடித்து, பூச்சு மூடுவதற்கு முன் ஒருமுறை பரிசோதகரைக் கூட்டிப்போய் எல்லாச் சுவர்களையும் படம் எடுத்து வையுங்கள். பின்னால் ஆணி அடிக்கும்போதுகூட அந்தப் படங்கள் உதவும். குளியலறை, மொட்டைமாடித் தளங்களில் தண்ணீர் கட்டி 24 மணி நேரம் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். கட்டியவர் தரும் உத்தரவாதக் காலம் முடிய ஒரு மாதம் இருக்கும்போது இன்னொரு பரிசோதனை செய்தால், அவர் செலவிலேயே சரிசெய்ய வேண்டியவை எவை என்று தெரிந்துவிடும்.

படி 5: தனியாகச் செய்ய வேண்டிய சோதனைகள்

சாதாரணப் பரிசோதனையில் இவை அடங்காது. கிணற்று நீர், ஆழ்குழாய் நீர் என்றால் ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். மண்ணுக்கடியில் ஓடும் கழிவுநீர்க் குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்ப்பது, பழைய வீட்டுக்கும் மரங்கள் உள்ள மனைக்கும் நல்ல முதலீடு. வேர் நுழைந்த குழாயை மாற்ற முற்றத்தையே தோண்ட வேண்டிவரும்.

பழைய வீட்டில் ஈயம் கலந்த பெயின்டும் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கலாம். அமெரிக்காவில் வீட்டுக்கான ஈயப் பெயின்டை 1978-ல் தடைசெய்தார்கள். பிரிட்டனில் ஆஸ்பெஸ்டாஸ் முழுமையாகத் தடையானது 1999-ல்தான். உங்கள் நாட்டில் எந்த வருடம் என்று தெரிந்துகொண்டு வீட்டின் வயதோடு ஒப்பிடுங்கள். உடையாமல் உரசாமல் இருக்கும்வரை இவற்றால் ஆபத்து குறைவு. சுரண்டி, துளைபோட்டு வேலை தொடங்கும்போதுதான் தூசி கிளம்பும். ஆகவே வாங்கியதும் இடித்து மாற்றும் திட்டம் இருப்பவர்களுக்கு இந்தச் சோதனை அவசியம். நிலத்திலிருந்து ரேடான் என்ற கதிரியக்க வாயு வரும் பகுதிகளில் அதையும் அளக்க வேண்டும். நுரையீரல் புற்றுநோய்க்குப் புகைப்பழக்கத்துக்கு அடுத்த பெரிய காரணங்களில் அது ஒன்று. உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் அளவு, ஒரு கன மீட்டர் காற்றில் 100 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு). அதற்குக் கீழே இருப்பது நல்லது.

படி 6: அறிக்கையைப் படிப்பது

முப்பது, நாற்பது பக்கம், ஐம்பது அறுபது குறைகள். முதல்முறை படிக்கும் எவருக்கும் வயிறு கலங்கும். எந்த வீட்டைப் பரிசோதித்தாலும் பட்டியல் நீளமாகத்தான் வரும், கலங்க வேண்டாம். ஒரு தாளை எடுத்து, உயிருக்கு ஆபத்தானவை ஒரு பக்கம், கட்டமைப்பையும் தண்ணீரையும் தொடுபவை ஒரு பக்கம், மற்றவையெல்லாம் ஒரு பக்கம் என்று பிரித்து எழுதுங்கள். மூன்றாவது பக்கம்தான் நிரம்பி வழியும். தளர்ந்த கைப்பிடி, கீறிய கண்ணாடி, நிறம் மங்கிய சுவர். அந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிடுங்கள். முதல் இரண்டு பக்கங்களில் எத்தனை இருக்கின்றன என்பதுதான் இப்போது முக்கியம்.

"பார்க்க முடியவில்லை" என்று குறித்த இடங்களைத் தனியாக எண்ணுங்கள். மொட்டைமாடிக் கதவு பூட்டியிருந்தது, மின்பெட்டியைத் திறக்க முடியவில்லை என்று இருந்தால், விற்பவரிடம் சாவி வாங்கி மறுபடி வரவழைக்க வேண்டும். பார்க்காத இடத்தைக் குறையில்லாத இடமாக எண்ணி நகர்ந்துவிட வேண்டாம். புரியாத வரி இருந்தால் பரிசோதகருக்குப் போன் போடுங்கள். நல்லவர் பொறுமையாகச் சொல்வார்.

படி 7: விற்பவரோடு பேசுவது

முதல் இரண்டு பக்கங்களில் உள்ளவற்றுக்கு மட்டும் சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்று இரண்டு பேரிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். அறுபது குறைகளையும் நீட்டினால் விற்பவர் எரிச்சல்படுவார், உண்மையான மூன்று குறைகளும் அந்தக் கூட்டத்தில் காணாமல் போகும். மூன்றை மட்டும் படத்தோடும் தொகையோடும் வைத்தால் பேச்சு நேராகப் போகும்.

வழிகள் மூன்று: அவர் சரிசெய்து தருவது, விலையில் கழிப்பது, நீங்கள் விலகுவது. இதில் நான் எப்போதும் விலையில் கழிப்பதைத்தான் விரும்புவேன். வீட்டை விட்டுப் போகப்போகிறவர் குறைந்த செலவில் சீக்கிரம் முடியும் வேலையைத்தான் செய்வார். அது இயல்பு. பணத்தைக் கழித்துக்கொண்டால் ஆளையும் பொருளையும் நீங்களே தேர்ந்தெடுக்கலாம். அவரே செய்வதாக முடிவானால் யார் செய்வது, எந்தத் தேதிக்குள், ரசீது, மறுபரிசோதனை என்று நான்கையும் எழுதி வாங்குங்கள். விலையில் கழிக்கும்போது வங்கிக் கடன் தொகையும் மாறுமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

விலகுவது கஷ்டமான முடிவு. மனதுக்குள் சாமான்களை அடுக்கிவைத்துவிட்ட வீடு அது. என் நெருங்கிய நண்பர் ஒருவர், பில்லர்களில் கம்பி துருப்பிடித்த வீட்டிலிருந்து பரிசோதனைக்குப் பிறகு விலகினார். பரிசோதனைக்குக் கொடுத்த பணம் போனது பற்றி அவர் வீட்டில் பல நாள் பேச்சு. அந்தப் பணத்தைக் கொடுத்ததே அந்தப் பதிலை வாங்கத்தான் என்று நான் இன்றும் அவரிடம் சொல்கிறேன்.

படி 8: சாவி வாங்கும் நாள்

பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முந்தின நாளோ அன்று காலையோ, அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு ஒருமுறை வீட்டைச் சுற்றி வாருங்கள். இப்போது அலமாரிகளும் கட்டில்களும் போயிருக்கும். அவற்றின் பின்னால் இருந்த சுவர்களை முதன்முறையாகப் பார்ப்பீர்கள். சாமான் தூக்கும்போது உடைந்தவை இருக்கும். ஒப்புக்கொண்ட வேலைகள் முடிந்திருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். எல்லாக் குழாயையும் திறந்து மூடுங்கள், எல்லா ஸ்விட்சையும் போட்டுப் பாருங்கள், டிரிப்பரின் பொத்தானை மறுபடி அமுக்கிப் பாருங்கள். வீட்டின் மொத்தத் தண்ணீரை அடைக்கும் வால்வு, கேஸ் வால்வு, மெயின் ஸ்விட்ச் மூன்றும் எங்கே என்று விற்பவரையே காட்டச் சொல்லிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர், மின் மீட்டர்களின் எண்களையும் அப்போதே குறித்து, இருவரும் அதில் கையெழுத்திடுங்கள்.